கரட்டில் கல்வட்டம்: தோண்டாமல் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் மேய்ச்சல் கரட்டில் உருண்டைப் பாறைகள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் சிறு மேடு. பெரியவர்கள் ‘பாண்டவர் குழி’ என்கிறார்கள். பழங்கால ஈமச்சின்னமா? யாரிடம் சொல்வது?

பதில்: பெயரே நல்ல துப்புதான். பாண்டவர் குழி, குரங்குப்பட்டடை என்று ஊரார் சொல்லும் இடங்கள் பல, பெருங்கற்கால ஈமக்காடுகளாக, அதாவது பெரிய கற்களை வைத்து ஈமச்சின்னம் எழுப்பிய காலத்து இடுகாடுகளாக இருக்கின்றன. ஆனால் பெயரை மட்டும் நம்பிவிட முடியாது. கற்களின் அடியைப் பாருங்கள். ஈமச்சின்னத்தில் பெரிய கற்கள் மண்ணில் ஊன்றி நிற்கும். உழவர்கள் பொறுக்கிப் போட்டவை வரப்போரமாகச் சும்மா குவிந்து கிடக்கும். பழைய சுண்ணாம்புக் காளவாயும் வட்டம்தான். சுட்ட மண்ணும் சாம்பலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேட்டின் நடுவே பலகைக் கல்லின் விளிம்பு தெரிந்தால் உள்ளே கல்பதுக்கை, அதாவது பலகைக் கற்களால் பெட்டி போல் அமைத்த சவக்குழி, இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் பானை ஓடுகள். மழை அரித்த ஓடையோரம் தேடுங்கள். உட்புறமும் விளிம்பும் கருப்பாக, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பாக இருந்தால் அது பெருங்கற்கால இடங்களில் கிடைக்கும் கருப்பு சிவப்புப் பானை. விரல் தடிமனுக்கு மேல் இருந்தால் இறந்தவரைப் புதைத்த தாழியின் ஓடாகக்கூட இருக்கலாம். எடுக்காதீர்கள், கிடந்தபடியே படம் எடுங்கள்.

ஒற்றை வட்டம் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். இவை பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் ஒரே பாறைக் குன்றில் எத்தனை கல்திட்டைகள் (தரைக்கு மேல் பலகைக் கற்களால் அறை போல் எழுப்பிய ஈமச்சின்னங்கள்)! புல் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் கரடு முழுக்க நடந்து பாருங்கள்.

பதிவுக்கு டேப், செல்போன், நோட்டு போதும். வட்டத்தை வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் அளந்து, மேட்டின் உயரம், நிற்கும் கற்கள், விழுந்த கற்கள் எல்லாம் எழுதுங்கள். படம் காலையிலோ மாலையிலோ எடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் மேடு தெரியும். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, சர்வே எண், ஊரார் சொல்லும் பெயர் நான்கும் கட்டாயம். இருப்பிடத்தை மட்டும் முகநூலில் போட்டுவிடாதீர்கள். புதையல் தேடுகிறவர்கள் முதலில் வந்துவிடுவார்கள்.

தோண்டவே கூடாது. தானாக வெளிப்பட்ட பொருளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். உங்கள் குறிப்பையும் படங்களையும் விஏஓ, தாசில்தார், மாநிலத் தொல்லியல் துறை மூவருக்கும் அனுப்புங்கள். ஜேசிபி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டால், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் மனுவாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.