அம்மாவுக்குக் குமட்டும், கணவருக்கு ராஃப்ட் வேண்டும்: திமிங்கிலம் பார்க்க எந்தப் படகு?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பாவும் (71) அம்மாவும் (65) வந்திருக்கிறார்கள். பிப்ரவரி விடுமுறைக்கு எல்லோருமாக ஹவாயில் மௌயி தீவுக்குப் போகிறோம். அங்கே ஹம்ப்பேக் திமிங்கிலம் பார்க்கப் போவதில்தான் வீட்டில் தகராறு. ராஃப்ட் என்ற சின்ன ரப்பர் படகில் போனால்தான் கிட்டே பார்க்கலாம், முடிந்தால் கூடவே நீந்தலாம் என்கிறார் என் கணவர். அம்மாவோ கொடைக்கானல் மலைப்பாதையில் வாந்தி எடுக்காமல் ஏறியதே கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி. ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்பது வயது மகள், “நாம போனா திமிங்கிலத்துக்குத் தொந்தரவு இல்லையா?” என்று கேட்கிறாள். போதாததற்கு, “இலங்கையில மிரிசாவுலயே பார்க்கலாமே, இவ்வளவு செலவு எதுக்கு?” என்று தம்பி ஊரிலிருந்து சொல்கிறான். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்:

ராஃப்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சின்னப் படகு என்றால் கிட்டே போகலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது தவறு. ஹவாய்க் கடலில் ஹம்ப்பேக்கை 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், யாரும் நெருங்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. இருநூறு பேர் ஏறும் படகானாலும் சரி, ராஃப்ட், கயாக், வெறும் ஆள் நீந்திப் போவதானாலும் சரி, தூரம் ஒன்றுதான். திமிங்கிலம் வரும் வழியில் முன்கூட்டியே போய்ப் படகை நிறுத்திக் காத்திருப்பதும் கூடாது. ஆகவே நீச்சல் கனவை மூட்டை கட்டிவிடச் சொல்லுங்கள். அவர் பார்த்த வீடியோ பெரும்பாலும் டோங்காவில் எடுத்ததாக இருக்கும். அங்கே ஜூலை முதல் அக்டோபர் வரை, உரிமம் பெற்றவர்கள் வழிகாட்டியோடு தண்ணீரில் இறக்குகிறார்கள். அது வேறு நாடு, வேறு சட்டம்.

ஆனால் திமிங்கிலம் தானாகப் படகருகே வருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வரவும் வரும். அப்போது கேப்டன் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து சும்மா மிதப்பார். அது படகுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் தலையைத் தூக்கிப் பார்த்து, சாவகாசமாகக் கிளம்பும்வரை படகு நகராது. இரண்டு மணி நேர டிக்கெட் எடுத்தவர்கள் மூன்று மணி நேரம் கழித்துக் கரை சேர்வதும் உண்டு. இந்த அதிர்ஷ்டம் பெரிய படகு, சின்னப் படகு என்று பார்த்து வருவதில்லை. எனவே உங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு அதிகம் படுத்துமோ அவரை வைத்துப் படகைத் தேர்ந்தெடுங்கள். அதாவது, அம்மாவை வைத்து.

அப்படிப் பார்த்தால் இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக இணைத்ததுபோல இருக்கும் பெரிய கேட்டமரான்தான் சரி. ஆட்டம் குறைவு. கழிப்பறை, நிழல், உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு. ராஃப்ட்டில் ரப்பர் விளிம்பில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு அலையிலும் இடுப்பில் ‘தொப்’பென்று ஒரு இடி. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் வேண்டாம் என்று பெரும்பாலும் படகுக் கம்பெனிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். ராஃப்ட்டுக்கும் ஒரு அழகு உண்டு, மறுக்கவில்லை. கண் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், 90 மீட்டரில் எழும் முதுகுகூட மதில்போலத் தெரியும். அந்த ஆசை இருந்தால் வீட்டுக்காரர் மறுநாள் தனியாகப் போய்வரட்டும். வீட்டில் சமாதானத்துக்கும் அது நல்லது.

நேரம் காலையாக இருக்கட்டும், முடிந்தால் நாளின் முதல் பயணம். இதை நான் சும்மா சொல்லவில்லை. முன்பு படகுகள் கிளம்பிக்கொண்டிருந்த லஹைனா ஊரே 2023 ஆகஸ்டில் தீயில் எரிந்துபோனதிலிருந்து மாலாயா துறைமுகத்துக்கும் கானபாலி கடற்கரைக்கும் முக்கியத்துவம் கூடிவிட்டது. மாலாயா இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள தாழ்நிலத்தின் வாயில் இருக்கிறது. ஒருபக்கம் ஹலேயாகலா எரிமலை, மறுபக்கம் மேற்கு மௌயி மலைகள். வடகிழக்கிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளியில் புகுந்து வேகம் பிடித்து, பகல் ஏற ஏற கடலைக் கலக்கிவிடும். காலை எட்டு மணிக்கு அம்மா சிரித்துக்கொண்டே பார்க்கிற கடலும் பிற்பகல் மூன்று மணிக் கடலும் ஒன்றல்ல. இன்னொன்று, படகுப் பயணத்தை ஊர் திரும்பும் நாளுக்கு முதல்நாள் வைக்காதீர்கள். போன இரண்டாம் நாளே வையுங்கள். காற்றினால் ரத்தானாலும் மாற்றிக்கொள்ள நாள் இருக்கும். திமிங்கிலமே கண்ணில் படாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று பல கம்பெனிகள் தருகின்றன. அதையும் புக் செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி உச்சப் பருவம், அதனால் அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இனி அம்மாவின் வயிறு. குமட்டல் ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பெரிய பலன் இல்லை. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். ஊரிலிருந்து அவோமின் அட்டை கொண்டுவந்திருப்பார். அங்கே மருந்துக்கடையில் சீட்டில்லாமலே மெக்லிசீன் கிடைக்கும். இரண்டும் தூக்கம் வரவழைப்பவை. எது சரிப்படும் என்று அம்மாவின் மற்ற மருந்துகளைச் சொல்லி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இதைவிட முக்கியமான விஷயம் அப்பாவுடையது. “நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க, எதுக்கும் இருக்கட்டும்” என்று அம்மா தன் அட்டையிலிருந்து பிய்த்து அவருக்கு நீட்டுவார். நம் வீடுகளில் நடப்பதுதான். இந்த வகை மாத்திரைகள் ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். கண் அழுத்த நோய் இருந்தாலும் ஆகாது. டாக்டர் சரி என்று சொல்லாமல் அப்பா தொடவே வேண்டாம்.

காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். இரண்டு இட்லியோ ரொட்டியோ போதும். படகில் கீழ்த்தட்டில், நடுவிலோ கொஞ்சம் பின்பக்கமோ, காற்று படுகிற இடமாகப் பார்த்து அம்மாவை உட்காரவையுங்கள். மேல்தட்டில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் ஆட்டம் இரட்டிப்பு. கண் தொடுவானத்தில் இருக்கட்டும். கேபினுக்குள் போய்த் தலைசாய்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். போன் திரையைக் குனிந்து பார்ப்பது அதற்கு அடுத்தது.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தொந்தரவு உண்டு என்று அவளிடம் நேராகவே சொல்லுங்கள். இந்தத் திமிங்கிலங்கள் கோடையில் அலாஸ்கா பக்கம் வயிறாரத் தின்றுவிட்டு, 4,800 கிலோமீட்டர் போல நீந்தி, ஒன்று முதல் இரண்டு மாதத்தில் ஹவாய்க்கு வருகின்றன. வந்து இணைசேரும், குட்டி போடும், பால் கொடுக்கும். சாப்பாடு மட்டும் கிடையாது. நம் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் வேளைக்கு வேளை தட்டில் விழும். இங்கே தாய் பட்டினி கிடக்கத்தான் வருகிறது. குட்டி பிறக்கும்போதே நாலைந்து மீட்டர் நீளம், ஏறக்குறைய ஒரு டன் எடை. அதற்கு வேண்டிய கொழுப்பான பால் முழுக்கத் தாயின் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்து வருகிறது. ஒரு படகு துரத்தித் தாய் விலகி ஓடினால், அந்தச் செலவை ஈடுகட்ட அங்கே ஒரு வாய் இரை இல்லை. 100 கஜ விதி இருப்பது இதனால்தான். மௌயி, மொலோகாய், லானாய், கஹோலாவே தீவுகளுக்கு நடுவே உள்ள ஆழம் குறைந்த கடலைத் தாய்களுக்குப் பிடித்திருக்கிறது. அதையும் சேர்த்து 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஹம்ப்பேக் சரணாலயமாக அறிவித்தது.

ஆகவே, எந்தக் கம்பெனி என்று தேடும்போது “மிக அருகில் காட்டுவோம்”, “தொட்டுவிடும் தூரம்” என்று விளம்பரம் செய்கிறவர்களைத் தள்ளிவிடுங்கள். இயற்கையியல் தெரிந்த ஆள் ஒருவர் கூட வருகிறாரா, தண்ணீருக்குள் விடும் ஒலிவாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண் திமிங்கிலங்கள் பாடுவதை அதில் கேட்கலாம். அந்த ஒலிகள் திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் வரும் பாட்டுகள்தான் என்று 1971-இல் ராஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே என்ற இரண்டு பேர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பருவத்தில் அந்தக் கடலில் உள்ள ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடும், அதுவும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எழுந்து ஓடிப் பார்க்க முடியாத அப்பாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இது ஒன்றே போதும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள். விளம்பரப் படத்தில் உள்ளதுபோல முழு உடம்பும் வானத்தில் துள்ளுவது சில பயணங்களில் நடக்கும், சிலவற்றில் நடக்காது. பெரும்பாலான நேரம் பார்ப்பது மூச்சுதான். தூரத்தில் வெள்ளைப் புகைபோல ஒன்று எழும்பிக் கலையும். அருகில் என்றால் ‘புஸ்ஸ்’ என்று பிரஷர் குக்கர் கணக்காகச் சத்தமும் வரும். பிறகு கறுப்பு முதுகு வளையும், அதில் சின்னதாக ஒரு துடுப்பு. வால் செங்குத்தாக மேலே தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். போன இடத்தில் எண்ணெய் கொட்டியதுபோல வழுவழுப்பான வட்டம் ஒன்று கொஞ்ச நேரம் நிற்கும். குட்டியால் அவ்வளவு நேரம் மூச்சடக்க முடியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வரும். அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் தாய் அதற்குக் கீழே ஓய்வெடுக்கிறது. மகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள், மற்றவர்களுக்கு முன் அவள் கண்டுபிடிப்பாள். ஊழியர்கள் “மூன்று மணி! மூன்று மணி!” என்று கத்தினால் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போகிறார். படகின் முன்முனை பன்னிரண்டு மணி, மூன்று மணி என்றால் வலதுபக்கம்.

வால் அடிப்பக்கத்தின் கறுப்பு வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. நல்ல படம் ஒன்று கிடைத்தால் ‘ஹேப்பிவேல்’ தளத்தில் ஏற்றுங்கள். அதே திமிங்கிலத்தை முன்பு வேறு யாராவது எங்கே பார்த்திருக்கிறார்கள் என்று பொருத்திச் சொல்லும்.

படகுக்கு முதல்நாள் மாலாயாவிலிருந்து மேற்கே போகும் சாலையில் மெக்ரெகர் முனையில் காரை நிறுத்திக் கரையிலிருந்தே பாருங்கள். ஒரு பைனாகுலர் போதும். காசும் இல்லை, குமட்டலும் இல்லை, திமிங்கிலத்துக்குத் தொந்தரவும் இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு “எனக்கு இதுவே போதும்” என்றால் வற்புறுத்தாதீர்கள். அவருக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூட்டிப் போக அங்கே வழியில்லை, டிக்கெட் ஒன்றை வேண்டுமானால் ரத்து செய்துகொள்ளலாம்.

சன்ஸ்கிரீனை ஃப்ரீமாண்ட்டிலிருந்து எடுத்துப் போவதானால் டப்பாவைப் பாருங்கள். மௌயியில் 2022 அக்டோபரிலிருந்து துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு போன்ற கனிம வகைக்கு மட்டுமே அனுமதி. வெப்பமண்டலம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாமல், காலைக் கடற்காற்றுக்கு எல்லோருக்கும் ஒரு ஜாக்கெட்டும் வையுங்கள்.

தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மிரிசாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது நீலத் திமிங்கிலம். உலகிலேயே பெரிய விலங்கு, ஆனால் ஹம்ப்பேக்போலத் துள்ளாது, பாட்டும் வேறு. ஒன்றுக்கு இன்னொன்று பதிலாகாது. அங்கே படகுகள் பல சேர்ந்து ஒரே திமிங்கிலத்தைச் சூழ்ந்துகொள்கின்றன என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. எனவே ஊர் திரும்பியதும் அப்பா அம்மாவைத் தம்பி அங்கே கூட்டிப் போவதானால், விலகி நின்று காட்டும் படகா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கட்டச் சொல்லுங்கள்.