வாசகர் கேள்வி: தந்தம் சுமந்த தோள்கள்

கேள்வி: ஆப்பிரிக்காவில் அடிமைகள் யானைத் தந்தத்தைச் சுமந்து கரைக்கு வந்ததும், தந்தத்தோடு சேர்த்து அவர்களையும் விற்றுவிடுவார்களாமே, உண்மையா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: பாதி உண்மை. கிழக்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் செட்சி ஈ கடித்தால் மாடும் பிழைக்காது, குதிரையும் பிழைக்காது. அதனால் எல்லாம் மனிதச் சுமைதான். ஆனால் தந்தம் சுமந்தவர்களில் பெரும்பகுதி இன்றைய தன்சானியாப் பக்கத்து நியாம்வேசி மக்கள். கூலி பேசி வந்தவர்கள். பேச்சு முறிந்தால் சுமையைப் போட்டுவிட்டுப் போகக்கூடியவர்கள். அடிமைகளும் சுமந்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை.

தந்தம், அடிமை என்ற இரண்டு வியாபாரத்தையும் முடிச்சுப் போட்டது துப்பாக்கி. தந்தத்தைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார்கள். அது யானையையும் சுட்டது, ஊரையும் வளைத்து ஆள் பிடித்தது. கரைப்பக்க யானைகள் தீரத் தீர வியாபாரிகள் உள்ளே போனார்கள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சன்சிபார் தீவின் வியாபாரி திப்பு திப், தங்கனீக்கா ஏரியையும் தாண்டிக் கொங்கோ வரை போனார். (திப்பு சுல்தானுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார்.)

1873இல் பிரித்தானியரின் நெருக்குதலால் சன்சிபார் சுல்தான் பர்காஷ் அடிமைச் சந்தையை மூடினார். தந்த வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வசதியான வீடுகளுக்குப் பியானோ போய்க்கொண்டிருந்த காலம் அது. அதன் கட்டைகளுக்குத் தந்தம் வேண்டும், பிலியட் பந்துக்கும் வேண்டும்.

சரி, கொழும்புக்கு வருவோம். 2012இல் எங்கள் துறைமுகத்தில் 359 தந்தங்கள் பிடிபட்டன. ஒன்றரைத் தொன், கென்யாவிலிருந்து துபாய்க்குப் போகிற வழியில். மரபணுச் சோதனை செய்து பார்த்தால், தன்சானியா, வட மொசாம்பிக் பக்கத்து யானைகள். பழைய வியாபாரிகள் நடந்த அதே பக்கம்.

2016 ஜனவரி 26இல் காலிமுகத்திடலில் அவற்றை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். நானும் போய் நின்றேன். முதலில் எல்லா மதத்துக் குருமாரும் அந்த யானைகளுக்காகப் பிரார்த்தித்தார்கள். அப்புறம் இயந்திரம் ஓடியது. பல் வைத்தியர் பல்லைக் குடையும்போது வருமே, அந்த வாடை கடற்காற்றில் வந்தது. பக்கத்தில் நின்ற இறால் வடைக்காரர், "இதெல்லாம் எத்தன யானைட சேர்?" என்றார்.

இரண்டால் வகுத்து, "குறைந்தது 180" என்றேன்.

வடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.