பத்தொன்பதாயிரம் டாலர் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் நர்சிங் ஹோம்களில், அதாவது தனியாக இருக்க முடியாத முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களில், 24 வருடம் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதுமைச் செலவு பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் பல பேர் கேட்டிருந்ததுதான் காரணம். இரண்டு பெயர் அடிக்கடி வரும்: மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு; மெடிக்கெய்ட் என்பது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி.

அக்கா, எனக்கு 52 வயது. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 75. இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். 1991இல் 1,60,000 டாலருக்கு வாங்கிய சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள். இன்று அதன் விலை 6,00,000 இருக்கும். வங்கியில் 2,40,000 டாலர் சேமிப்பு. ஆறு மாதமாக அப்பாவுக்கு மறதி. நர்சிங் ஹோம் வரை போனால் மெடிகேர் பார்த்துக்கொள்ளும் என்கிறார் அம்மா. வீட்டை உடனே என் பெயருக்கு மாற்றிக்கொள், வருஷத்துக்கு 19,000 டாலர் வீதம் பணத்தையும் வாங்கிக்கொள், அது சட்டப்படி செல்லும், அப்புறம் மெடிக்கெய்ட் கிடைத்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

தம்பி, வீட்டை மாற்றாதீர்கள். பணத்தையும் வாங்காதீர்கள். குறைந்தது, ஒரு எல்டர் லா வக்கீலை, அதாவது முதியோர் சட்ட விஷயங்களைப் பார்க்கும் வக்கீலை, பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள்.

அம்மா சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். மருத்துவமனையில் மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்துவிட்டு நர்சிங் ஹோமுக்குப் போனால், மெடிகேர் முதல் 20 நாள் முழுச் செலவையும் தரும். 21ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள் வரை நம் பங்கு ஒன்று உண்டு. 2025இல் அது நாளுக்கு 209.50 டாலர். அதுவும் நர்ஸோ தெரபிஸ்டோ செய்ய வேண்டிய சிகிச்சை தேவைப்படும்வரைதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் எழுந்து நடந்தால் பிடித்துக்கொள்வது, அதாவது மறதி நோய்க்காரருக்கு உண்மையில் வேண்டிய உதவி எதற்கும் மெடிகேர் பணம் தராது. இன்னொன்று, மருத்துவமனைக் கட்டிலில் மூன்று இரவு படுத்திருந்தாலும் உள்நோயாளி என்று இல்லாமல் ‘அப்சர்வேஷன்’ (கண்காணிப்பு) என்று பதிவு செய்திருந்தால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. அப்பா எப்போதாவது மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால், எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மெடிகேர் நிற்கும் இடத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகும் கட்டணம் தொடங்குகிறது. சேமிப்பு கரைந்தவர்களுக்கு அங்கே கைகொடுப்பதுதான் மெடிக்கெய்ட்.

இப்போது அந்த 19,000. உங்கள் நண்பர் சொல்லும் எண் சரிதான். 2025இல் ஒருவர் இன்னொருவருக்கு 19,000 டாலர் வரை அன்பளிப்பாகக் கொடுத்தால் வருமான வரித் துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது வரித் துறையின் கணக்கு. மெடிக்கெய்ட் அலுவலகம் அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி 60 மாதம் பார்ப்பார்கள். அந்த ஐந்து வருஷத்தில் சும்மா கொடுத்த பணம் 19,000 ஆனாலும் 9,000 ஆனாலும் கொடுத்ததுதான். எல்லாவற்றையும் கூட்டி, நர்சிங் ஹோமின் சராசரிச் செலவு என்று மாநிலம் வைத்திருக்கும் தொகையால் வகுத்து, வரும் விடை எத்தனை நாளோ அத்தனை நாளுக்கு மெடிக்கெய்ட் பணம் தராது.

பணம் கொடுத்த நாளிலேயே அந்தத் தண்டனைக் காலம் ஓட ஆரம்பித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2006 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது அப்பா நர்சிங் ஹோமில் சேர்ந்து, கையில் பணம் தீர்ந்து, விண்ணப்பித்து, மற்ற எல்லாத் தகுதியும் வந்த பிறகுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கையில் காசும் இருக்காது, மெடிக்கெய்ட்டும் வராது. நண்பருக்கு இதைச் சொல்லித் தந்தவர் பழைய சட்டத்தில் தப்பித்தவராக இருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் மாமியார் 2013இல் மதுரையில் பேத்தி கல்யாணத்துக்கு, அதாவது என் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு, 38,000 டாலர் செக் எழுதினார். மூன்று வருஷம் கழித்து இடுப்பெலும்பு முறிந்து, பக்கவாதமும் வந்து, நர்சிங் ஹோமில் சேர்ந்தார். சேமிப்பு தீர்ந்து விண்ணப்பித்தபோது 60 மாத வங்கிக் கணக்கையும் கேட்டார்கள். எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க மாதவாரியாக அடுக்கி வைத்தேன். மாமியார் ரசீதுகளை நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைப்பார். மருந்துக்கடை, கோயில் உண்டியலுக்கு மாற்றிய சில்லறை, எல்லாம் அதில் இருந்தது. கவுண்டி (மாவட்ட) அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்து, அந்த ஒரு வரிக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டார். நான்கு மாதம் போல மெடிக்கெய்ட் இல்லை. அந்த நான்கு மாதச் செலவை நாங்கள் கடன் வாங்கிக் கட்டினோம். மாமியார் யாரையும் ஏமாற்றவில்லை. பாட்டி செய்ய வேண்டியதைச் செய்தார். சட்டத்துக்கு அது தெரியாது. அந்த வேலையிலேயே இருந்த நான் 2013இல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாண சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவில்லை.

சரி, உங்கள் வீட்டு விஷயம். அம்மா அந்த வீட்டில் இருக்கும்வரை, அப்பாவின் மெடிக்கெய்ட் தகுதிக்கு வீடு கணக்கில் வராது. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? மாற்றினால் தகுதிப் பிரச்சினையோடு வரியும் வரும். இப்போது பரிசாக வாங்கினால், பின்னால் நீங்கள் விற்கும்போது அடக்கவிலை 1991இல் அப்பா கொடுத்த 1,60,000தான். 4,40,000 டாலர் லாபம் என்று நிற்கும். பெற்றோர் காலத்துக்குப் பிறகு வாரிசாக வந்தால், அன்றைய சந்தை விலையே உங்கள் அடக்கவிலை. கணவன் மனைவிக்குள் சொத்தை மாற்றிக்கொள்வதற்குத் தண்டனைக் காலம் கிடையாது. அதனால் வீட்டை அம்மா பெயருக்கு மட்டும் மாற்றுவது ஒரு வழி. அதை வக்கீலிடம் முதல் கேள்வியாக வையுங்கள். மெடிக்கெய்ட் 55 வயதுக்கு மேல் செலவழித்ததை இறந்தவரின் சொத்திலிருந்து திரும்பக் கேட்க வேண்டும் என்று 1993லிருந்து கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. துணை உயிரோடு இருக்கும்வரை அந்த வசூல் நடக்காது. எனவே அந்த வீடு கடைசியில் யார் பெயரில் இருக்கும் என்பது முக்கியம்.

சேமிப்பு 2,40,000ஐப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் பாதி, அதாவது 1,20,000, அம்மாவுக்கு நிற்கும். (2025இல் அந்தப் பாதிக்கு உச்சவரம்பு 1,57,920.) அப்பா பெயரில் 2,000 வைத்துக்கொள்ளலாம். மீதி 1,18,000 செலவாக வேண்டும். செலவு என்றால் நர்சிங் ஹோமுக்கே கொட்ட வேண்டும் என்பதில்லை. ஒழுகும் கூரையை மாற்றலாம், குளியலறையில் பிடிகம்பி வைக்கலாம், அம்மாவுக்கு நம்பகமான கார் வாங்கலாம், கடனை அடைக்கலாம், இறுதிச் சடங்குக்குத் திரும்பப் பெற முடியாத முன்பணம் கட்டலாம். எல்லாவற்றுக்கும் ரசீது இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த நாட்களில் எத்தனையோ அம்மாக்கள் தங்களுக்கென்று ஒரு காசு கூட வைத்துக்கொள்ளாமல், கணவருக்காக எல்லாவற்றையும் கட்டிவிட்டுத்தான் எங்கள் அறைக்கே வருவார்கள். சட்டமே அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லும்போது அழுதுவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

இதெல்லாம் நியூ ஜெர்சிக் கணக்கு. கலிபோர்னியாவில் 2024 ஜனவரியில் சொத்து வரம்பையே எடுத்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து தனிநபருக்கு 1,30,000 டாலர் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மாநிலம் மாறினால் கணக்கு மாறும், வருஷம் மாறினாலும் மாறும்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமான ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போடும் தெளிவு அப்பாவுக்கு இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மாதமே டியூரபிள் பவர் ஆஃப் அட்டர்னி (பணம், சொத்து விஷயங்களில் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்), மருத்துவ முடிவுகளுக்கான பத்திரம் இரண்டையும் எழுதிவிடுங்கள். அந்தத் தெளிவு போன பிறகு அவருக்காக முடிவெடுக்கும் உரிமையை, அதாவது கார்டியன்ஷிப்பை, நீதிமன்றத்தில் கேட்டு அலைய வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் காலமும் ஆயிரக்கணக்கில் டாலரும் ஆகும்.

அப்புறம் தம்பி, நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். வீடு, வங்கி, வரி எல்லாம் இருந்தது. அப்பா என்ன விரும்புகிறார் என்பது எங்கேயும் இல்லை. வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா? வேறு ஆள் வந்து குளிப்பாட்டினால் ஒத்துக்கொள்வாரா? சைவச் சாப்பாடு இல்லாத இடத்தில் இருப்பாரா? தகுதி இருந்தால் நியூ ஜெர்சியில் மெடிக்கெய்ட் வழியாக வீட்டிலேயே உதவியாள் கிடைக்க வழி உண்டு. அவரால் பதில் சொல்ல முடியும்போதே கேளுங்கள்.

அக்கா, நான் நார்த் கரோலினாவில் இருக்கிறேன். அம்மா, அப்பாவுக்கு கிரீன் கார்டு எடுத்து நிரந்தரமாக அழைத்துக்கொள்ள ஆசை. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இங்கே வந்தால் மெடிக்கெய்ட் கிடைக்குமா?

வந்தவுடன் கிடைக்காது. 1996ஆம் வருஷச் சட்டப்படி, கிரீன் கார்டு வாங்கி வருபவர்களுக்கு முதல் ஐந்து வருஷம் அவசர சிகிச்சை தவிர மெடிக்கெய்ட் இல்லை. ஐந்து வருஷம் முடிந்த பிறகும் அவர்களை நான் தாங்குவேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஐ-864 படிவம் நிற்கும். அது வெறும் சம்பிரதாயத் தாள் இல்லை. உங்கள் வருமானத்தையும் சொத்தையும் அவர்களுடையதாகவே வைத்துப் பார்க்கலாம், அரசு செலவழித்ததை உங்களிடம் திரும்பவும் கேட்கலாம். அவர்கள் குடியுரிமை பெற்றாலோ, 40 காலாண்டு (பத்து வருஷ) வேலைக் கணக்கு சேர்ந்தாலோ, கிரீன் கார்டை விட்டு நாட்டைவிட்டே போனாலோ, காலமானாலோதான் அந்தக் கடமை தீரும்.

மெடிகேருக்கும் 65 வயதோடு தொடர்ச்சியாக ஐந்து வருஷம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்கினால் அந்தத் தொடர்ச்சி சிக்கலாகும். இங்கே வேலை பார்க்காதவர்கள் பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். 2025இல் பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவுக்கானது) மாதம் 518 டாலர், பார்ட் பி (டாக்டர் செலவுக்கானது) 185. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1,406 டாலர். அதற்கு முந்தைய ஐந்து வருஷத்துக்குத் தனியார் காப்பீடு உங்கள் பொறுப்பு. இதைத் தாங்க முடியும் என்று தெரிந்த பிறகு விண்ணப்பியுங்கள். அழைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். என் அம்மா கடைசி ஒன்பது வருஷம் என்னோடு இருந்தார். அந்த வருஷங்களை எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் ஊரில் இருக்கும் வீட்டையும் மருத்துவரையும் முதல் வருஷமே விட்டுவிட வேண்டாம்.

ஒரு வார்த்தை கூட: பின்னாளில் மெடிக்கெய்ட் கேட்கும்போது ஊரில் உள்ள வீடு, நிலம், வங்கி வைப்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும். உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திடும் விண்ணப்பம் அது. “அங்கே இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அக்கா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று வருஷமாக வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டிலேயே இருக்கிறேன். அம்மா மாதம் 1,500 டாலர் தருகிறார். பெற்ற தாயைப் பார்க்கச் சம்பளமா என்று அண்ணன் கேட்கிறார். மனசு உடைந்துபோகிறது.

உங்கள் அண்ணன் அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கினால் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் எழுத்தில் இல்லாமல் வாங்கினால் மெடிக்கெய்ட் அதைப் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். இனிமேலாவது வக்கீல் வழியாக ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் எழுதுங்கள்: என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உங்கள் ஊரில் வெளியாள் வாங்கும் கூலிக்கு மிகாத தொகை. வரியும் கட்டுங்கள். எழுதுவதற்கு முன்னால் வாங்கியதற்கு அந்தத் தாள் பெரும்பாலும் உதவாது. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு உரிமையும் இருக்கிறது. பெற்றவரின் வீட்டில் குறைந்தது இரண்டு வருஷம் கூடவே இருந்து, அவர் நர்சிங் ஹோம் போகாமல் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த வீட்டைத் தண்டனைக் காலம் இல்லாமல் எழுதிக்கொடுக்கலாம். நிரூபணம் வேண்டும். உங்கள் முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல், அம்மாவின் டாக்டரிடமிருந்து ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள். இன்று அம்மாவுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அந்த டாக்டருக்கு நேரில் தெரியும்.

அக்கா, அப்பாவை நாளை நர்சிங் ஹோமில் சேர்க்கிறோம். ‘ரெஸ்பான்சிபிள் பார்ட்டி’ (பொறுப்பாளர்) என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

உங்கள் சொந்தப் பெயரில் பொறுப்பேற்றுப் போடாதீர்கள். மெடிகேர், மெடிக்கெய்ட் வாங்கும் நர்சிங் ஹோம் எதுவும், பிள்ளைகள் சொந்தப் பணத்தில் கட்டுவதாக உத்தரவாதம் தந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்ல 1987ஆம் வருஷச் சட்டம் இடம் தரவில்லை. அப்பா உங்களுக்கு பவர் ஆஃப் அட்டர்னி தந்திருந்தால், அவர் பெயரை எழுதி, அதன் கீழே “பவர் ஆஃப் அட்டர்னி என்ற முறையில்” என்று குறிப்பிட்டு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். அப்பாவின் பணத்திலிருந்து கட்டுவதற்கு மட்டுமே அது உங்களைக் கட்டுப்படுத்தும். தாளை நாளைக்கே முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினால், ஒரு நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் எல்டர்கேர் லொக்கேட்டர் என்ற அரசு உதவி எண் 1-800-677-1116. உங்கள் கவுண்டியின் முதியோர் அலுவலகத்துக்கு அவர்களே வழி சொல்வார்கள். கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.