மே மாசத்துல பாசி வெளுத்துப் போச்சு, சுண்ணாம்பு போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. ராமநாதபுரம் மாவட்டம், வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் எங்க குழுவுல அஞ்சு பேரு, ஆளுக்கு 45 மிதவை பெப்சி பாசி (கப்பாஃபைகஸ்ங்கற கடல்பாசி) போட்டிருக்கோம். ஏப்ரல் பாதில கட்டுனது நல்லா வந்துச்சு, இப்ப மே மாசத்துல, கட்டி 25, 28 நாள்லயே தண்டு நடுவுல வெள்ளையாகி ஒடிஞ்சு விழுது. காத்தே இல்ல, மதியம் தண்ணியில கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு. கடல் தண்ணி ஆசிட் ஆயிட்டு வருது, அதான் வெளுக்குதுன்னு எங்க வீட்டுப் பையன் வீடியோ பாத்துட்டு சொல்றான். வயல்ல போடுற மாதிரி சுண்ணாம்பு கரைச்சு ஊத்துனா சரியாகுமா? அடுத்த பயிர் எப்ப கட்டலாம்?

பதில்: வணக்கம் தங்கச்சி. மொதல்ல சுண்ணாம்பு மூட்டைய வாங்காதீங்க, வாங்கியிருந்தா வீட்டுக்கு வெள்ளையடிக்க வச்சுக்கோங்க. நீவாடு (நீரோட்டம்) ஓடுற கடல்ல நீங்க ஊத்துறது அரை மணி நேரத்துல எங்கயோ போயிரும், போறதுக்கு முன்னாடி தூளா பாசி மேல படிஞ்சுச்சுன்னா வெளிச்சம் வேற மறைக்கும்.

பையன் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. நம்ம புகை விடுறதுல ஏறத்தாழ கால்வாசி கரியமில வாயுவ கடல்தான் இழுத்துக்குது, அதனால உலகக் கடலோட மேல்தண்ணி பிஹெச் (அமிலம், காரம் காட்டுற அளவு) பழைய காலத்துல 8.2 இருந்தது இப்ப 8.1 பக்கம் வந்திருக்கு. கேக்க சின்னதா இருக்கும், ஆனா பிஹெச் கணக்கு வேற மாதிரி, அந்த 0.1 எறங்குனதுக்கே அமிலத்தன்மை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடிருச்சுன்னு அர்த்தம். அதுக்காக கடல் புளிச்சுப் போச்சுன்னு நெனைக்க வேண்டாம், இன்னமும் காரத் தண்ணிதான், காரம் கொறையுது, அவ்வளவுதான்.

அந்தக் கொறைச்சல் யாருக்கு வலிக்கும்னா ஓடு கட்டுற உயிருக்கு. சங்கு, சிப்பி, மட்டி, பவளம் எல்லாம் தண்ணில இருக்கற கார்பனேட்டையும் கால்சியத்தையும் எடுத்துத்தான் ஓடு கட்டுது, பிஹெச் எறங்க எறங்க அந்த கார்பனேட் கொறையும், பெருசானது எப்படியோ சமாளிச்சுக்கும், குஞ்சுப் பருவம்தான் அடி வாங்கும். அமெரிக்காவுல ஓரிகன் கரையில ஒரு சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்துல 2007 வாக்குல குஞ்சு கூட்டம் கூட்டமா செத்துச்சு, நோயா இருக்கும்னுதான் மொதல்ல தேடுனாங்க, கடைசில பாத்தா அடிக்கடலேர்ந்து மேல வர்ற கரியமில வாயு நெறஞ்ச குளிர்ந்த தண்ணிய பம்ப் பண்ணி தொட்டிக்குள்ள விட்டதுதான் காரணம். அங்க சலவை சோடா கலந்து தண்ணிய சரி பண்ணுனாங்க, வேலை செஞ்சுச்சு. உங்க சுண்ணாம்பு யோசனையும் அதே ஜாதிதான், ஆனா அது நாலு சுவருக்குள்ள இருக்கற தொட்டி, உங்களுது வடகடல்.

பாசி அந்த ஜாதி கிடையாது. ஓடு கட்டுறதில்ல, கரியமில வாயுவே அதுக்கு சாப்பாடு. தண்ணில அது கொஞ்சம் கூடுனா சில சதைப்பாசி இன்னும் வேகமாக்கூட வளருது, ஒடம்புக்குள்ள சுண்ணாம்பு வச்சிருக்கற பாசிங்களுக்குத்தான் பிரச்சனை. அதுவும் இல்லாம உங்க மிதவைக்குக் கீழ கடல்தாழை (கடல்புல்) இருந்தா பகல்ல அது வாயுவ இழுக்க பிஹெச் ஏறும், ராத்திரி மூச்சு விட எறங்கும், ஒரே நாள்ல நடக்கற அந்த ஆட்டமே 0.1ஐ விடப் பெருசா இருக்கும்.

அப்ப ஏன் வெளுக்குது? சூடு. நீங்களே எழுதிட்டீங்க, காத்து இல்ல, தண்ணி வெதுவெதுன்னு இருக்குன்னு. இந்தப் பாசிக்கு 25லேர்ந்து 30 டிகிரி வரைக்கும் சுகம், 33க்கு மேல ஏறி நாலஞ்சு நாள் நின்னுச்சுன்னா தண்டுக்குள்ள வேலை கெட்டு நெறம் போயிரும், அந்த நோஞ்சான் எடத்துல தண்ணில எப்பவும் இருக்கற பாக்டீரியா பூந்து அழுக வைக்கும். இதத்தான் ஐஸ்-ஐஸ்னு சொல்றது. பாக்டீரியா பின்னாடி வர்ற ஆளு, கதவத் தொறந்து விட்டது சூடு. நீவாடு நின்னு போனா இன்னும் மோசம், தண்டச் சுத்தி இருக்கற தண்ணி மாறாம அப்படியே கெடக்கும். மன்னார் வளைகுடால 2010லயும் 2016லயும் பவளம் வெளுத்ததும் இதே கோடைச் சூட்டுலதான், அது உள்ள குடியிருக்கற நுண்பாசிய வெளிய தள்ளிட்டு வெளுக்கும். பாவம் அதுக்கு ரெண்டு பக்கமும் அடி, சூட்டுல வெளுக்கும், பிஹெச் எறங்குனா கூடு கட்டுறதும் மெதுவாயிரும்.

இதுல நானும் தப்பு பண்ணுன ஆளுதான். 2013க்கு அப்புறம் நம்ம கரையில மிதவை மிதவையா பாசி போச்சே, அப்ப ஒரு குழுவுக்கு விதை கெட்டுப் போச்சு, வேற ஊர் விதை எடுத்துட்டு வந்து கட்டுங்கன்னு அடிச்சுச் சொன்னேன், அவங்களும் கடன் வாங்கி கட்டுனாங்க, மூணு வாரத்துல அதுவும் வெளுத்துச்சு. அந்தத் தண்ணில யாரும் ஒரு தெர்மாமீட்டர் விட்டுப் பாக்கல, நான் உட்பட.

நாளைக்கு காலைல ஒரு கொத்த எடுத்துப் பாருங்க. நடுவுல வளையம் மாதிரி வெள்ளை, நுனி இன்னும் பழைய நெறம், வெள்ளைய நசுக்குனா கொழகொழன்னு ஒடைஞ்சா ஐஸ்-ஐஸ்தான். நுனி நுனியா கடிச்ச மாதிரி இருந்தா ஓரா மீன் வேலை, கீழ வலை கிழிஞ்சிருக்கும். தண்டு மேல கருப்பு புள்ளியா, மயிர் மாதிரி ஒட்டிட்டு இருந்தா அது ஒட்டுப்பாசி, அது வேற.

ஐஸ்-ஐஸ்னா 30 நாள் தாண்டுன மிதவை எல்லாத்தையும் இந்த வாரமே அறுத்துருங்க. மிதவைக்கு 60 கிலோ விதை கட்டுனா 45 நாள்ல 240 கிலோ வரும்னு காத்துட்டு இருந்தீங்கன்னா பாதி கடலுக்குள்ள போயிரும், இப்ப 130, 140 கெடைச்சாலும் காயப்போட்டு காசாக்குங்க. வெட்டிப் போடுற வெள்ளைத் துண்ட கரைக்குக் கொண்டு வந்துருங்க, கடல்லயே வீசாதீங்க, இது வெளிநாட்டுப் பாசி, மிதந்து போய் பவளத்து மேல ஒக்காந்துக்கும்.

விதைக்கு வெள்ளையே படாத அஞ்சாறு மிதவைய மட்டும் பிரிச்சு, வத்தம் (தண்ணி வடியற) நேரத்துலயும் ஒரு பாகம் (ஆறடி) தண்ணி நிக்கற, நீவாடு ஓடுற எடத்துக்கு இழுத்துட்டுப் போங்க. நாலு மூலையிலயும் கல்லு கட்டி ஒன்னரை அடி தாழ்த்தி விடுங்க, ரொம்பத் தாழ்த்துனா வெளிச்சம் பத்தாம வேற விதமா வெளுக்கும். தெனம் காலைல கயித்த நாலு ஒதறு ஒதறி சேற விடுங்க. புது நடவு இப்ப வேண்டாம், மதியச் சூடு 31க்குக் கீழ எறங்கி ஒரு வாரம் நிக்கட்டும், அதுவரைக்கும் கையில காசு நிக்காதுன்னு தெரியும், ஆனா மே மாசம் கட்டுற விதை கடலுக்குக் குடுக்கற தானம்தான்.

சில நூறு ரூபாய்க்குள்ள ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, பாசி தொங்குற ஆழத்துல காலைல 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் ஒரு வாரம் எழுதி வைங்க, நல்லா இருக்கற மிதவைலயும் வெளுத்த மிதவைலயும் தனித்தனியா. அந்தக் கணக்க வெளுத்த கொத்தோட போட்டோவோட அனுப்புங்க, பக்கத்துல இறால் பண்ணைத் தண்ணி கடலுக்குள்ள விடுறாங்களான்னும் சேர்த்து எழுதுங்க.