விடை 2x + 3y − 6 = 0 தான்; குறி எங்கே மாறியது?

(−3, 4) வழியாகச் செல்லும், சாய்வு −2/3 கொண்ட கோட்டுக்கு உங்களுக்கு 2x + 3y − 18 = 0 வந்தது, புத்தகத்தில் −6 இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். புத்தகம் சரி. உங்கள் சாய்வும் சரி. தவறு ஒரே இடத்தில்தான்.

y − y₁ = m(x − x₁) என்ற சூத்திரத்தில் m சாய்வு, (x₁, y₁) கோடு செல்லும் புள்ளி; இங்கே x₁ = −3. அப்படியென்றால் x − (−3), அதாவது x + 3. நீங்கள் x − 3 என்று போட்டுவிட்டீர்கள். உங்கள் சமன்பாட்டில் (3, 4) ஐப் போட்டுப் பாருங்கள்: 6 + 12 − 18 = 0. கோடு y அச்சுக்கு அந்தப் பக்கம் உள்ள புள்ளி வழியாகப் போய்விட்டது!

சரியான வழி:
y − 4 = −2/3 (x + 3)
3y − 12 = −2x − 6
2x + 3y − 6 = 0

இரண்டாவது வரியில் 3 ஆல் பெருக்கும்போது 4 ஐயும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அங்கேயும் நிறையப் பேர் வழுக்குவார்கள், நீங்கள் வழுக்கவில்லை.

வரைபடத்தாளில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். (−3, 4) இலிருந்து வலப்பக்கம் 3 கட்டம், கீழே 2 கட்டம். (0, 2) இல் நிற்பீர்கள். y வெட்டுத்துண்டு, அதாவது கோடு y அச்சை வெட்டும் இடம், 2.

அப்புறம் ஒரு குறுக்குவழி: சாய்வு −2/3 என்றாலே 2x + 3y = c. புள்ளியைப் போட்டால் −6 + 12 = 6, அதுதான் c. விடையைச் சரிபார்க்க இது போதும். தேர்வில் மட்டும் சூத்திரத்தை எழுதியே செய்யுங்கள், படிகளுக்கும் மதிப்பெண் உண்டு.