அயோவா, நியூ ஹாம்ப்ஷயருக்கு மட்டும் ஏன் இவ்ளோ மவுசு?

அமெரிக்காவுல அதிபர் எலக்‌ஷனுக்கு முன்னாடி, கட்சி சார்பா யாரு நிக்கணும்னு மக்களே மாநிலம் மாநிலமா ஓட்டுப் போட்டு முடிவு பண்றதுதான் பிரைமரி (அயோவா மாதிரி சில மாநிலங்கள்ல மட்டும் கூட்டம் போட்டு எடுப்பாங்க, காக்கஸ்னு பேரு). 2020ல டெமாக்ரட் கட்சியில ஓட்டு மூலமா கிடைக்கிற 3,979 டெலிகேட்ல (கட்சி மாநாட்டுல வேட்பாளருக்கு ஓட்டுப் போடுற பிரதிநிதிங்க) நியூ ஹாம்ப்ஷயருக்கு வெறும் 24தான், ஆனா இந்த ரெண்டு மாநிலத்துலயும் வழக்கமா ஆரம்பத்துலயே நடக்குறதால மீடியா மொத்தமும் அங்கதான் டேரா போடும், ஜெயிச்சவருக்கு நன்கொடை கொட்டும், தோத்தவரு காசு வத்திப்போய் பாதியிலயே கழண்டுக்குவாரு. படம் ரிலீஸான அன்னிக்கு முதல் ஷோ டாக் எப்படியோ அப்படித்தான் மீதி கலெக்‌ஷன், அதே கதை. 2008ல ஒபாமா அயோவாவுல ஜெயிச்சப்புறம்தான் இவரால முடியும்னே நிறைய பேர் நம்புனாங்க.

அதுக்காக முதல்ல ஜெயிக்கிறவர்தான் வேட்பாளர்னு நினைச்சுக்காதீங்க, 2020ல பைடன் அயோவாவுல 4வது, நியூ ஹாம்ப்ஷயர்ல 5வது, அப்புறம் சவுத் கரோலினாவுல ஜெயிச்சு மேல வந்தவரு.