எல்லோரும் தயங்காமல் வரும் பார்லர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பெரம்பூரில் மூன்று நாற்காலி போட்டு ஒரு லேடீஸ் பார்லர் நடத்துகிறேன். போன மாதம் ஒரு திருநங்கை ஐப்ரோ எடுக்க வந்தார். உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னிடம் வேலை பார்க்கும் பெண், "அக்கா, இவங்களை அப்புறம் வரச் சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டு நின்றபோதே அவர் எழுந்து போய்விட்டார். அதே வாரம், ஆட்டிசம் உள்ள பையனுக்கு முடி வெட்ட ஒரு அம்மா வந்தார். பையன் கத்தியதும் பாதியிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரையும் மறக்க முடியவில்லை. எல்லோரும் வரக்கூடிய கடையாக நடத்த ஆசை. பெரிய செலவுக்கு வசதி இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: திருநங்கை விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பெண் கேட்டதும் நீங்கள் யோசித்தீர்கள் பாருங்கள், அந்தச் சில நொடிகளிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி நின்றிருக்கிறேன், அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கடையில் ஒருவருக்கு இடம் உண்டா இல்லையா என்பதை அவர் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். வேலை செய்யும் பெண்களும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறார்கள்.

அதனால் பதிலை முன்பே முடிவு செய்து, கடையில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பார்லர் திறக்கும் முன் ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினால் போதும். திருநங்கையும் பெண்தான், உங்களுடையது லேடீஸ் பார்லர், அவருடைய டர்ன் வந்தால் அவருக்கு வேலை நடக்கும். ஒருவர் தன் பாலினம் எது என்று தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதி செய்துவிட்டது. பொதுமக்களுக்கான சேவைகளில் அவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019 ஆம் ஆண்டின் சட்டமும் சொல்கிறது. திருநங்கைகளுக்கு 2008லேயே நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. நம் தொழிலில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. சாதி, மதம், பால் பார்த்துக் கடைகளில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவு அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தபோது, கடை என்பதில் சலவைக்கடையும் சவரக்கடையும் சேருமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சேவை தரத் தயாராக இருக்கும் எவருடைய இடமும் கடைதான், உள்ளே விட்டால் மட்டும் போதாது, சேவையையும் தர வேண்டும் என்று அம்பேத்கர் விளக்கினார். முடி வெட்டும் நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது அன்றைக்கே பேசி முடித்த விஷயம். ஊர்ப்பக்கம் அந்த நாற்காலி மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று சென்னையில் நம் கடைகளுக்கு வருகிறார்கள். எந்த ஊர், என்ன ஆளுங்க என்று பேச்சுவாக்கில் விசாரிப்பது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கேள்வியையே கடையில் விட்டுவிடுங்கள்.

சரி, மற்ற கஸ்டமர்கள் முகம் சுளித்தால்? பெரிய விளக்கம் வேண்டாம். "அவங்க டர்ன்ங்க, அடுத்தது உங்களுக்குத்தான்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். நான் பார்த்தவரை, அதற்குப் பிறகும் எழுந்து போனவர்கள் மிகக் குறைவு. வந்தவரிடமும் அளவுக்கு மீறிக் கொண்டாட்டம் காட்ட வேண்டியதில்லை. ஆபரேஷன் ஆகிவிட்டதா, பழைய பெயர் என்ன என்றெல்லாம் கேட்கக் கூடாது. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்பது போதும். தாடையில் முடி இருந்தால், அதை என்ன செய்யலாம் என்று அவர் கேட்கும்வரை நாம் பேச வேண்டாம். பிசிஓடி என்கிற ஹார்மோன் கோளாறால் முகத்தில் முடி வளரும் கல்லூரிப் பெண்ணுக்கும் இதே விதிதான். "என்னம்மா இவ்வளவு முடி இருக்கு?" என்று நான்கு பேர் முன்னால் ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தப் பெண் அடுத்த தடவை வீட்டிலேயே ரேசரை எடுத்துவிடுவாள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நம் பார்லர்களிலிருந்து மனிதர்களை அதிகம் விரட்டியது எது என்று கேட்டால், வாய் என்றுதான் சொல்வேன். ஐம்பது ரூபாய் ஐப்ரோவுக்கு வந்தவரிடம் "டான் ஆயிருக்கு மேடம், டி-டான் போட்டுக்கலாமா? கலர் நல்லா வரும்" என்று ஆரம்பிக்கிறோம். முடி கொட்டுகிறது, வெயிட் போட்டுவிட்டீர்கள், கரும்புள்ளி இருக்கிறது என்று அடுக்குகிறோம். கறுப்பு அழகு என்று இதே சென்னையிலிருந்து 2009ல் ஓர் இயக்கம் கிளம்பியது. ஒரு பெரிய கம்பெனியே 2020ல் தன் க்ரீமின் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் நாக்கிலிருந்து மட்டும் அது போகவில்லை.

ஆனால் வேலை செய்யும் பெண்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஒரு பேஷியல் பேக்கேஜ் விற்றால் இவ்வளவு கமிஷன் என்று நாம்தான் வைத்திருக்கிறோம். குறை கண்டுபிடித்தால்தான் சம்பளம் என்றால் அவள் எல்லா முகத்திலும் குறை கண்டுபிடிப்பாள். கமிஷனை மாற்றுங்கள். ஒரு கஸ்டமர் மூன்று மாதத்துக்குள் அதே பெண்ணைக் கேட்டுத் திரும்பி வந்தால் அவளுக்கு ஒரு தொகை என்று வைத்துப் பாருங்கள். நான் இப்படி மாற்றிய வருடம் பேக்கேஜ் வரும்படி முதலில் குறைந்தது உண்மை. ஆனால் வந்தவர்கள் திரும்பி வந்தார்கள், கடைக்குள் பேச்சே மாறியது. மணிப்பூர், மிசோரம் பக்கத்துப் பெண்கள் உங்களிடம் வேலை செய்தால் இன்னொன்றும் கவனியுங்கள். கஸ்டமர் அவர்களை முகத்தை வைத்துப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நீங்கள் அவர்கள் பெயரைச் சொல்லித் திருத்த வேண்டும். தன்னை மதிக்காத இடத்தில் ஒருத்தி இன்னொருவரை மதித்து வேலை செய்வாள் என்று எதிர்பார்க்க முடியாது.

தலையில் வட்டமாக முடி கொட்டியவர்கள் வருவார்கள். பூச்சிவெட்டு என்கிறோம். பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது, யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளியும் சோரியாசிஸும் அப்படித்தான், தொட்டால் பரவாது. கையுறை தேடி ஓடுவதும், சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்வதும் வேண்டாம். செதில் உதிர்ந்து அரிப்போடு இருக்கும் படர்தாமரை வேறு. அது ஒட்டும். அப்படிச் சந்தேகம் வந்தால் தனியாக அழைத்து, தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சீப்பைக் கழுவிக் கிருமிநாசினியில் போடுவதும் புது பிளேடு எடுப்பதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஆளைப் பார்த்து அல்ல.

புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை தொடங்கும் முன் தலையை மழித்துக்கொள்ள வருபவர்களுக்கு உள்ளறை கொடுங்கள். கண்ணாடியைப் பார்க்க விருப்பமா, நாற்காலியைத் திருப்பி வைக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள். முடி திரும்ப முளைத்த பிறகு டை கேட்டால் அவருடைய டாக்டர் சரி சொன்ன பின்தான். அதே உள்ளறைக்கு ஒரு நல்ல திரை, உள்தாழ்ப்பாள் போட்டு, கேமரா எதுவும் இல்லாமல் வைத்தால், ஹிஜாப் அணிபவர்களும் நிம்மதியாக வருவார்கள். அனுமதி கேட்காமல் யாருடைய படத்தையும் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்.

இப்போது அந்தப் பையன். என்னிடம் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். முதல் நாள் வாசலோடு சரி. கையில் ஒரு செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தான். "தண்ணி தெளிச்சா பிடிக்காது, கழுத்துல துணி பட்டா கத்துவான்" என்று அவன் அம்மா சொன்னார். அப்போது ட்ரையர் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, டிவியில் பாட்டு. அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அடுத்த வாரம் கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொன்னேன். டிவி, ட்ரையர், மியூசிக் எல்லாம் நிறுத்தினோம். கழுத்தில் கட்டும் துணியைப் போடவில்லை, அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ட்ரிம்மரை எடுக்கவில்லை, கத்தரிக்கோல் மட்டும். அதையும் முதலில் அவன் கையில் கொடுத்து, பிறகு அம்மாவின் முடியில் ஒரு நுனி வெட்டிக் காட்டி, "பத்து எண்ணுறேன், அப்புறம் நிறுத்திடுவேன்" என்று சொல்லிச் சொன்னபடி நிறுத்தினேன். அன்றைக்கு இடது பக்கம் மட்டும்தான் முடிந்தது. பாதி வெட்டிய தலையோடு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவன் அம்மா, "பரவாயில்லைங்க, அழாம வந்திருக்கான்" என்றார். மூன்று நாள் கழித்து மறுபக்கம். நான்காவது தடவை வந்தபோது செருப்பை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

பிடித்துக்கொண்டு வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஒருமுறை பிடித்தால் அந்தக் குழந்தை அடுத்த பத்து வருடம் சலூன் என்றாலே பயப்படும்.

நேரம் எது என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது என்ற பழக்கம் நமக்குச் சாதகம், அன்று காலை கடை காலியாகத்தான் இருக்கும். அந்தக் குடும்பமும் செவ்வாய் பார்ப்பவர்களாக இருந்தால் புதன் 11 மணிக்கு. "செவ்வாய், புதன் காலை அமைதி நேரம், சத்தம் இருக்காது" என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். முன்பே போனில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தச் சத்தம் பிடிக்காது, எங்கே தொட்டால் பிடிக்காது, எது கையில் இருந்தால் அமைதியாக இருப்பான். முடிந்தால் கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்பு, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர் யாரிடமாவது ஒருமணி நேரம் பேசுங்கள். நான் கற்றதில் பாதி அப்படி வந்தது. உங்களிடம் வந்த அந்த அம்மாவின் நம்பர் இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள்.

காது கேளாதவர்களுக்குக் கண்ணாடி பெரிய உதவி. பின்னால் நின்று பேசாமல், ட்ரையரை நிறுத்தி, கண்ணாடியில் முகம் பார்த்துப் பேசுங்கள். புரியாவிட்டால் போனில் டைப் செய்து காட்டலாம். பார்வையில்லாதவர்களிடம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். "ரெண்டு இன்ச்" என்பதைவிட, முடியை அவர் விரலுக்கிடையே கொடுத்து "இங்கே வெட்டட்டுமா?" என்று கேட்பது சரியாக வரும். வயதானவர்களுக்குத் தலை அலசும்போது, வாஷ்பேசினில் தலையை வெகுநேரம் பின்னால் சாய்த்து வைக்காதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் நெருக்கப்பட்டுப் பக்கவாதம் வரலாம் என்பதை 1993லேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். அரிதுதான். ஆனாலும் கழுத்துக்குக் கீழே சுருட்டிய டவல் வைத்து, சீக்கிரம் முடித்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் முன்பக்கம் குனிய வைத்து அலசுங்கள்.

விலைப்பட்டியலில் ஆண், பெண் என்று பிரிப்பதற்குப் பதில் குட்டை முடி, நடுத்தரம், நீளம் என்று போடுங்கள். பாதிச் சங்கடம் அதிலேயே போய்விடும்.

கடைசியாக, படி. பெரம்பூரில் உங்கள் கடையை நான் பார்த்ததில்லை, ஆனால் வாசலில் இரண்டு படியாவது இருக்கும். ரோடு போடப் போட உயர்ந்தது, 2015 வெள்ளத்துக்குப் பிறகு நாமும் உயர்த்தினோம். சரிவுப் பாதைக்கு அரசு சொல்லும் அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அரையடிப் படி இரண்டு என்றால் 12 அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் நம் தெருக்களில் கிடையாது, நடைபாதையை அடைத்துக் கட்டவும் கூடாது. அதனால் மடக்கி வைக்கும் அலுமினியச் சரிவுப் பலகை ஒன்று வாங்குங்கள், அல்லது வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள். அது அரசு அளவைவிடச் செங்குத்தாகத்தான் இருக்கும். எனவே வீல்சேரில் வருபவர் தனியாக ஏற அல்ல, பின்னால் ஒருவர் பிடித்துத் தள்ள மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். கதவு 90 சென்டிமீட்டர் திறக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். உள்ளே வீல்சேர் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி தேவை. மூன்று நாற்காலியில் ஒன்றைத் தரையோடு போல்ட் அடிக்காமல் வைத்தால், அதை நகர்த்திவிட்டு அவருடைய வீல்சேரிலேயே கண்ணாடி முன் உட்கார வைத்து வெட்டலாம். தலை அலசுவதற்குப் பதில் ஸ்ப்ரே பாட்டில் போதும்.

இதெல்லாம் இன்னும் தயாராகவில்லை என்றால் போனில் கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "ரெண்டு படி இருக்குங்க, பலகை இன்னும் வரல, நாங்க வீட்டுக்கு வந்து அதே ரேட்டுக்கு வெட்டித் தர்றோம்." பலகை வந்த பிறகு வாசலில் ஒரு காலிங் பெல்லை உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அப்புறம் அந்த இடத்தில் பைக் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.